‘நீரில் கரையும் வைட்டமின் ஈ’: டோகோஃபெரெத் என்பது வைட்டமினா, அழுக்கு நீக்கியா?

வேப்பம்பூ (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டுக்குப் பக்கத்தில் சிறிய அளவில் தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் கொண்டு குளியல் சோப்பு செய்து விற்று வருகிறேன். இரண்டு வாரங்களுக்கு முன் மூலப்பொருள் விற்பவர் ஒருவர் ஒரு சிறிய டப்பாவை மாதிரியாகக் கொடுத்து, “இது நீரில் கரையும் வைட்டமின் ஈ, அழுக்கையும் எடுக்கும், தோலையும் மிருதுவாக்கும், சோப்பிலும் போடலாம், ஃபேஸ் வாஷிலும் போடலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். டப்பாவின் மேல் ‘டோகோஃபெரெத்-18’ என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே இளமஞ்சள் நிறத்தில், குளிரில் பாதி உறைந்த நெய் போன்ற ஒரு பசை இருந்தது.

என்னிடமிருந்த ஒரு பச்சை நிற வைட்டமின் ஈ மாத்திரையைக் குத்தி ஒரு தம்ளர் வெந்நீரில் பிழிந்தேன். எண்ணெய் சொட்டு மேலே வட்டமாக மிதந்தது. எவ்வளவு கலக்கினாலும் சிறு சொட்டுகளாக உடைந்து மறுபடியும் ஒன்று சேர்ந்துவிட்டது. இன்னொரு தம்ளரில் இந்தப் பசையைக் கடுகளவு போட்டேன். அது ஓரங்களில் கரைந்து, புகை போலக் கீழே இறங்கி, ஐந்து நிமிடத்தில் தெரியாமலே போனது. இரண்டுமே வைட்டமின் ஈ என்றால் இந்த வேறுபாடு ஏன்? இதைச் சோப்பில் சேர்ப்பதால் பயன் உண்டா? உறையின் மேல் ‘வைட்டமின் ஈ கலந்தது’ என்று அச்சிடலாமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பீக்கரும் கரண்டியும்

வணக்கம் அக்கா. அழகுசாதன ஆய்வகத்தில் பல ஆண்டுகளாகக் கலவை அமைப்பதே என் வேலை. தம்ளர்ச் சோதனையில் நீங்கள் கண்ட வேறுபாட்டிலேயே உங்கள் முதல் கேள்விக்கான விடை இருக்கிறது.

வைட்டமின் ஈ என்று நாம் சொல்லும் ஆல்ஃபா டோகோஃபெரால் என்ற மூலக்கூறுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. வால் என்பது 16 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட எண்ணெய்ச் சங்கிலி. தலை என்பது வளையம். அந்த வளையத்தின் ஓரத்தில் ஒரே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி, அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த இணை, ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் காறிப்போவதைத் தடுப்பது, தோலின் கொழுப்பைச் சிதைவிலிருந்து காப்பது என்று வைட்டமின் ஈ-க்கு நாம் சொல்லும் புகழெல்லாம் அந்த ஒரு ஹைட்ராக்சிலுக்கு உரியது. அதிலுள்ள ஹைட்ரஜனைத் தூக்கிக் கொடுத்துத்தான் அது ஆக்சிஜனேற்றச் சங்கிலியை அறுக்கிறது.

டோகோஃபெரெத் செய்யும்போது டோகோஃபெராலுடன் எத்திலீன் ஆக்சைடை வினைபுரியச் செய்கிறார்கள். அதன் அலகுகள் தொடராகச் சேர்ந்து நீரை விரும்பும் ஒரு சங்கிலியாகும். அந்தச் சங்கிலி எங்கே போய் ஒட்டுகிறது என்று நினைக்கிறீர்கள்? அதே ஹைட்ராக்சில் இருந்த ஆக்சிஜனின் மேல்தான். மூலக்கூறில் பிடித்துக்கொள்ள வேறு இடமே இல்லை. அரிவாளின் வெட்டுவாய் மீதே பிடியைப் பொருத்தியது போன்ற வேலை இது. பிடிக்க வசதியாகத்தான் இருக்கும், ஆனால் கதிர் அறுக்காது. பெயரில் உள்ள 18 என்பது ஒட்டிய எத்திலீன் ஆக்சைடு அலகுகளின் சராசரி எண்ணிக்கை. ஒரு பக்கம் எண்ணெயை விரும்பும் வால், மறுபக்கம் நீரை விரும்பும் சங்கிலி என்று ஆகிவிட்டதால் அது இப்போது ஓர் அயனியற்ற (மின்சுமை இல்லாத) சர்ஃபேக்டன்ட்; பாடப்புத்தக மொழியில் பரப்புச் செயலி. அழுக்கை எடுக்கும் என்று விற்பனையாளர் சொன்னது உண்மை. வைட்டமின் என்று சொன்னது, பிறந்த வீட்டுப் பெயரை வைத்துக்கொண்டு சொன்னது.

தராசு முள்

நண்பர் சொன்னதில் ஒரு பகுதியை மறுக்க வேண்டியிருக்கிறது. நான் மருத்துவமனை மருந்தாளுநர். ‘நீரில் கரையும் வைட்டமின் ஈ’ என்பது வெறும் விற்பனை வாசகம் அன்று. அந்தப் பெயரில் உண்மையான மருந்து இருக்கிறது. டோகோஃபெர்சோலான் என்று அதற்குப் பெயர், சுருக்கமாக டி.பி.ஜி.எஸ். என்பார்கள். பித்தநீர் சரியாக இறங்காத கல்லீரல் நோயுள்ள குழந்தைகளுக்குச் சாதாரண வைட்டமின் ஈ கொடுத்தால் உடலில் ஏறாது, ஏனெனில் கொழுப்பில் கரையும் வைட்டமின்களைக் குடல் உறிஞ்சுவதற்குப் பித்தநீர் வேண்டும். டோகோஃபெர்சோலான் பித்தநீரின் துணை இல்லாமல் தானே மிசெல்களாக, அதாவது மூலக்கூறுகள் ஒன்றுகூடிய நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டு குடற்சுவரை அடைகிறது. இக்குழந்தைகளுக்கான வாய்வழிக் கரைசலாக ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் இதற்கு அனுமதி அளித்தது. அந்தக் குழந்தைகளின் இரத்தத்தில் வைட்டமின் ஈ அளவு உயர்கிறது. அப்படியிருக்க, நீரை விரும்பும் சங்கிலியை ஒட்டினால் வைட்டமின் செத்துவிடும் என்று பொதுவாகச் சொல்வது எப்படிச் சரியாகும்?

பீக்கரும் கரண்டியும்

ஐயா, நியாயமான மறுப்பு. நான் டோகோஃபெரெத்தைப் பற்றி மட்டும் பேசியதால் வந்த குறை. நீங்கள் சொல்லும் டோகோஃபெர்சோலானும் அக்காவிடம் இருக்கும் டோகோஃபெரெத்தும் பங்காளிகள் போல முகச்சாயல் ஒத்தவை. ஆனால் பிணைப்பு வேறு.

டோகோஃபெர்சோலானில் டோகோஃபெராலுக்கும், நீரை விரும்பும் சங்கிலியான பாலிஎத்திலீன் கிளைக்கால் 1000-க்கும் நடுவில் சக்சினிக் அமிலம் பாலமாக நிற்கிறது. இரண்டு பக்கமும் எஸ்டர் பிணைப்புகள், அதாவது அமிலமும் ஹைட்ராக்சிலும் சேர்ந்து உருவாகும் பிணைப்புகள். எஸ்டரை உடைக்க உடலில் நொதிகள் உண்டு. குடற்சுவர் செல்களுக்குள் அந்தப் பிணைப்பு நீராற்பகுப்பு அடைந்து, மறைந்திருந்த ஹைட்ராக்சில் மறுபடியும் வெளிப்படுகிறது. அரிவாளின் பிடி அங்கே கழன்றுவிடுகிறது, ஆகவே அது உண்மையாகவே வைட்டமினாக மாறுகிறது. டோகோஃபெரெத்தில் இருப்பதோ ஈதர் பிணைப்பு, அதாவது நடுவில் அமிலம் இல்லாமல் ஆக்சிஜனே இரண்டு பக்கமும் நேரடியாகப் பிடித்திருக்கும் பிணைப்பு. எஸ்டர்களை உடைக்கும் நொதிகள் ஈதரைத் தொடுவதில்லை.

ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். குடல் வேறு, முகம் வேறு. மணிக்கணக்கில் குடலில் தங்கும் மருந்தையும், அரை நிமிடம் தடவி நீரில் கழுவிவிடும் ஃபேஸ் வாஷையும் ஒரே தராசில் நிறுக்க இயலாது. டோகோஃபெர்சோலானாகவே இருந்தாலும் புட்டிக்குள் இருக்கும்வரை அதன் ஹைட்ராக்சில் மூடியே இருக்கிறது. எனவே கலவையைக் காறவிடாமல் காக்கும் வேலையைக்கூட அது செய்யாது. அதற்கு வெறும் டோகோஃபெரால்தான் வேண்டும்.

மஞ்சள்கிழங்கு

நான் வேதியியல் படித்தவள் அல்ல, பயன்படுத்துபவள் மட்டுமே. என் தோல் எளிதில் சிவந்து எரியும். ஏழெட்டு ஃபேஸ் வாஷ்களை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகு, ஓராண்டாக ஒன்றை மட்டும் பயன்படுத்துகிறேன். அது நுரையே வராது, ஆனால் கழுவிய பின் தோல் இழுப்பதில்லை. இந்த இழையைப் படித்தபின் அதன் மூலப்பொருள் பட்டியலைப் பார்த்தேன், டோகோஃபெர்சோலான் இருக்கிறது. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘வைட்டமின் ஈ’ என்றும் இருக்கிறது. வைட்டமின் வேலை நடக்கவில்லை என்றால் என் தோலுக்கு இதமாக இருப்பது எதனால்? அல்லது எல்லாம் என் மனப்பிரமையா?

பீக்கரும் கரண்டியும்

பிரமை அன்று, சகோதரி. காரணத்தை மட்டும் வேறு இடத்தில் தேட வேண்டும்.

அழுக்கு நீக்கிகள் தோலை எரிப்பதில் பெரும் பங்கு, மிசெலாகத் திரளாமல் தனித்தனியாக நீரில் அலையும் மூலக்கூறுகளுக்கு உண்டு. அவை தோலின் மேலடுக்குக்குள் நுழைந்து அங்குள்ள புரதங்களோடு ஒட்டி அவற்றை உப்பச் செய்கின்றன. கூடவே கொழுப்பையும் கழற்றுகின்றன. நன்றாக நுரைக்கும் வழக்கமான அழுக்கு நீக்கியான சோடியம் லாரில் சல்ஃபேட் மிசெலாகத் திரளத் தொடங்க நீரில் ஏறத்தாழ 0.23 சதவீதம் தேவை; அந்த அளவு வரை அத்தனை மூலக்கூறுகளும் தனியாகவே திரியும். டோகோஃபெர்சோலானுக்கு 37 டிகிரி செல்சியஸில் 0.02 சதவீதமே போதும். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மேலும் லாரில் சல்ஃபேட் எதிர்மின் சுமை உடையது, சிறியது, மெலிந்தது. இதுவோ சுமையற்றது, 1,500-ஐ ஒட்டிய மூலக்கூறு எடையுடன் பருத்தது. ஆகவே தோலுக்குள் நுழைந்து கலகம் செய்யும் வாய்ப்புக் குறைவு. நுரை குறைவதும் இந்த இயல்போடு சேர்ந்து வருவதே. நுரை அதிகம் என்றால் சுத்தம் அதிகம் என்று நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணத்தை மட்டும் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

கழுவிய பின் தோல் மிருதுவாகத் தெரிவதற்கும் இதில் ஓரளவு பங்கு இருக்கலாம். எண்ணெய்த் தன்மையுள்ள வால் தோலின் மீது மிக மெல்லிய படலமாகச் சிறிதளவு தங்கும். அதைத்தான் மூலப்பொருள் அகராதிகளில் ‘தோல் பதப்படுத்தி’ என்று குறிக்கிறார்கள். அந்தக் குறிப்பு அப்பொருளை எதற்காகச் சேர்க்கிறார்கள் என்பதைச் சொல்கிறதே தவிர, எவ்வளவு பலன் என்பதை அளந்து சொல்வதில்லை. உங்கள் புட்டியில் கிளிசரினும் இருக்கும் என்று நினைக்கிறேன். இதத்தின் பெரும்பகுதியை அதன் கணக்கில் எழுதுவதே நேர்மை.

அக்காவுக்காக ஒரு சிறு கணக்கு. ஓர் அயனியற்ற சர்ஃபேக்டன்ட் நீரை எவ்வளவு விரும்பும் என்பதை அளக்க கிரிஃபின் என்பவர் 1949-இல் ஓர் அளவுகோலை முன்வைத்தார். எத்திலீன் ஆக்சைடு பகுதியின் எடைச் சதவீதத்தை 5-ஆல் வகுத்தால் கிடைக்கும் எண் அது. டோகோஃபெராலின் மூலக்கூறு எடை 431; 18 அலகுகளின் எடை 793; மொத்தம் 1,224. இதில் 793 என்பது 65 சதவீதம், எனவே எண் 13. இதே கணக்கைப் போட்டால் டோகோஃபெரெத்-5-க்கு 7-க்குச் சற்றுக் குறைவாகவும், டோகோஃபெரெத்-50-க்கு 17-க்குச் சற்றுக் குறைவாகவும் வரும். 13 என்றால் நீரில் தெளிவாகக் கரையும், சிறிதளவு நறுமண எண்ணெயையும் தன்னோடு கரைத்து வைத்திருக்கும். 7 என்றால் நீரில் போட்டதும் பால் போலக் கலங்கும், எண்ணெய் சார்ந்த கலவைகளுக்கே பொருந்தும். தம்ளரில் நீங்கள் பார்த்த ‘புகை’ இந்த 13-இன் வேலை.

கூவம் கரை

இந்தக் குடும்பத்துப் பொருளைக் கையாண்டு பட்ட அனுபவம் ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். கல்லூரித் திட்டப்பணிக்காக டோகோஃபெர்சோலான் அரைக் கிலோ வாங்கி வைத்திருந்தோம். அது மெழுகு, உருகுநிலை உடல் வெப்பத்தை ஒட்டியே இருக்கும். சென்னையில் கத்திரி வெயில் நேரத்தில் குளிர்சாதனம் இல்லாத அறையில் வைத்ததால், காலையில் கட்டியாகவும் மதியம் தேன் போலவும் இருந்தது. அளந்து எடுப்பதற்கு மதியமே வசதி என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம்.

சிரிப்பு கரைக்கும்போது நின்றுபோனது. உருகிய மெழுகின் மீது நான் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். சற்று நேரத்தில் பீக்கரில் இருந்தது கூழ் போலாகி, பிறகு அல்வா போலாகி, கலக்கும் காந்தத் துண்டு அப்படியே சிறைப்பட்டு நின்றுவிட்டது. கரண்டியால் கிளறினால் கண்ணாடிச் சுவரோடு சேர்ந்து திரும்பியது. நீர் போதாத நிலையில் இதன் மூலக்கூறுகள் மிசெலாக உருளாமல் அடுக்கடுக்காக நின்று திரவப் படிகக் கூழாகிவிடும் என்பதைப் பேராசிரியர் அதன் பின்னரே விளக்கினார். மொத்த நீரையும் முன்கூட்டியே சூடாக்கி, விடாமல் கலக்கிக்கொண்டே, உருகிய மெழுகை அதில் மெல்லிய இழையாக ஊற்றியபோது அரை மணி நேரத்தில் தெளிந்த கரைசல் கிடைத்தது. முந்தைய பீக்கரைக் கழுவ இரண்டு நாட்கள் ஆயின.

வேப்பம்பூ

இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு நன்றி. சோப்பு பற்றிய கேள்வி மட்டும் நிற்கிறது. நான் செய்வது காஸ்டிக் சோடாக் கரைசலை எண்ணெயில் கலந்து அச்சில் ஊற்றி நான்கு வாரம் காயவிடும் முறை. அதில் இதைச் சேர்த்தால் என்ன ஆகும்? கோடையில் என் சோப்புகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் விழுகின்றன. வைட்டமின் ஈ அதைத் தடுக்கும் என்று பலர் சொல்கிறார்கள்.

பீக்கரும் கரண்டியும்

காஸ்டிக் சோடாவின் வேலையே எஸ்டரை உடைப்பதுதான். எண்ணெய் சோப்பாவதே அப்படித்தான். எனவே டோகோஃபெர்சோலானைப் போட்டால் அதையும் சேர்த்து உடைக்கும். உடைந்தால் டோகோஃபெரால் வெளியே வரும், அதுதானே வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் காரமும் காற்றும் சேர்ந்த இடத்தில் டோகோஃபெராலே விரைவாக ஆக்சிஜனேற்றம் அடைந்து வீணாகிவிடும். விலை உயர்ந்த பொருளை வாங்கி, உடைத்து, வீணாக்க வேண்டிய அவசியம் இல்லை.

உங்களிடம் உள்ள டோகோஃபெரெத் காரத்தைத் தாங்கும். ஆனால் தாங்கி என்ன பயன்? சோப்பே ஒரு சர்ஃபேக்டன்ட். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். எண்ணெய் காறுவதால் விழும் ஆரஞ்சுப் புள்ளிகளை அது தடுக்காது என்பது மேலே சொன்ன ஹைட்ராக்சில் விவகாரத்திலிருந்தே தெரியும். புள்ளிகள் குறைய வேண்டுமென்றால், எளிதில் காறும் எண்ணெய்களின் பங்கைக் குறையுங்கள், வாங்கிய எண்ணெயை வெயில் படாமல் வையுங்கள், குழாய் நீருக்குப் பதிலாக உலோக உப்புகள் இல்லாத காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள். எண்ணெய் வாங்கிய அன்றே 0.1 சதவீதம் வெறும் டோகோஃபெராலை அதில் கலந்து வைப்பது, சோப்பில் கடைசி நேரத்தில் எதைச் சேர்ப்பதையும் விட நல்லது.

தராசு முள்

வேறுபாட்டை விளக்கியதற்கு நன்றி, ஏற்கிறேன். பாதுகாப்பைப் பற்றியும் இரண்டு சொல் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ‘வைட்டமின்’ என்ற சொல்லைக் கேட்டதும் மக்கள் காவலைத் தளர்த்திவிடுகிறார்கள்.

1992-இல் சுவிட்சர்லாந்தில் ஓர் அழகுசாதன வரிசையைப் பயன்படுத்திய ஏறத்தாழ 900 பேருக்குத் தோலில் பருப்பருவாக ஒவ்வாமை அழற்சி கிளம்பியது. காரணம் தேடியபோது டோகோஃபெரில் லினோலியேட் என்ற வைட்டமின் ஈ எஸ்டரில் வந்து நின்றது; அந்தப் பொருள் ஆக்சிஜனேற்றம் அடைந்து சீர்கெட்டதே காரணமாகக் கருதப்பட்டது. இது டோகோஃபெரெத் அன்று, டோகோஃபெர்சோலானும் அன்று. ஆனால் வைட்டமின் ஈ-யின் எந்த வழித்தோன்றலையும் பெயரை மட்டும் பார்த்து நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. டோகோஃபெர்சோலானைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் அழகுசாதன மூலப்பொருள்களை மதிப்பிடும் வல்லுநர் குழு டோகோஃபெரால் குடும்பத்தை ஆராய்ந்தபோது அதையும் சேர்த்து, இப்போது பயன்படும் அளவுகளில் பாதுகாப்பானது என்றே முடிவு செய்தது.

இரண்டாவது, எத்திலீன் ஆக்சைடிலிருந்து செய்யப்படும் பொருள்கள் அனைத்திலும் 1,4-டையாக்சேன் என்ற துணைவிளைபொருள் எச்சமாக இருக்க வாய்ப்புண்டு. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. நல்ல உற்பத்தியாளர்கள் வெற்றிடத்தில் சூடாக்கி அதை நீக்கிவிடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு, இறுதிப் பொருளில் பத்து லட்சத்தில் 10 பங்குக்குள் இருந்தால் பாதுகாப்பானது என்று 2015-இல் கருத்துரைத்தது. நியூயார்க் மாநிலம் உடல் கழுவும் பொருள்களுக்கு அதை இன்னும் இறுக்கி, 2023 இறுதியிலிருந்து பத்து லட்சத்தில் 1 பங்கு என்று வரையறுத்தது. ஆகவே வேப்பம்பூ அவர்கள் அந்த விற்பனையாளரிடம் பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேட்டு, டையாக்சேன் அளவு அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் மட்டும் கையால் எழுதிய டப்பாவை நான் என் வீட்டுப் பிள்ளைகள் முகத்தில் பூச மாட்டேன்.

மஞ்சள்கிழங்கு

அப்படியானால் என் புட்டியின் முன்பக்கத்தில் உள்ள ‘வைட்டமின் ஈ’ பொய்யா, மெய்யா? அதைச் சொல்லாமல் நழுவுகிறீர்களே!

பீக்கரும் கரண்டியும்

நழுவவில்லை. பட்டியலில் டோகோஃபெரால் அல்லது அதன் எஸ்டரான டோகோஃபெரில் அசிடேட் என்று தனியாக இருந்தால் வைட்டமின் ஈ கலந்தது என்பது மெய். கழுவிவிடும் பொருளில் அதன் பயன் சிறிது என்பது வேறு. டோகோஃபெர்சோலான் மட்டும் இருந்தால் அது அரை மெய், அதன் எடையில் 28 சதவீதம் அளவுக்கு டோகோஃபெரால் கட்டுண்டு கிடக்கிறது. டோகோஃபெரெத் மட்டும் இருந்தால், என் கணிப்பில் அப்படி எழுதுவது தவறு. அந்தப் பொருள் நல்லது, அதன் சொந்த வேலைக்காகவே புட்டியில் இருக்கத் தகுதி உடையது. இரவல் பெயர் அதற்குத் தேவையில்லை.

பட்டியலை வாசிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். நம் நாட்டு விதிப்படி 1 சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அளவின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும், அதற்குக் கீழ் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். வாசனைப் பொருளுக்கும் கிருமித் தடுப்புப் பொருளுக்கும் பக்கத்தில் டோகோஃபெர்சோலான் நின்றால், உங்கள் முகத்தைச் சுத்தம் செய்வது அது அன்று; பட்டியலின் தொடக்கத்தில் உள்ள வேறொரு சர்ஃபேக்டன்ட். வாசனை எண்ணெயைக் கரைப்பதற்காக அதை வைத்திருப்பார்கள்.

அக்கா, 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி விற்பனைக்குத் தயாரிப்பதற்கு மாநில உரிமம் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். உரிமம் எடுக்கும்போது உறையின் வாசகத்தையும் பார்ப்பார்கள்.

வேப்பம்பூ

உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன், தம்பி. உறையில் வைட்டமின் என்ற சொல்லே வராது. விற்பனையாளரிடம் சான்றிதழ் கேட்டேன்; அனுப்புகிறேன் என்றார், பத்து நாளாகியும் வரவில்லை. அதனால் விற்பதற்கு இதைத் தொடப் போவதில்லை.

ஆனாலும் மாதிரியை வீணாக்க மனமில்லாமல் ஒன்று செய்து பார்த்தேன். வெட்டிவேர் எண்ணெயை நீரில் தெளிப்பானாகச் செய்ய நெடுநாளாக முயன்று, எண்ணெய் மேலே வளையம் கட்டுவதால் விட்டுவிட்டிருந்தேன். இந்தப் பசையை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளக்கி, முதலில் வெட்டிவேர் எண்ணெயோடு நன்றாகக் குழைத்து, பிறகு நீரைச் சேர்த்தேன். எண்ணெய் ஒரு பங்குக்குப் பசை மூன்று பங்கு என்றபோது அரிசி கழுவிய நீர் போலக் கலங்கியது. ஆறு பங்கு என்றபோது கண்ணாடி போலத் தெளிந்தது. நான்கு நாளாக அலமாரியில் இருக்கிறது, வளையம் கட்டவில்லை. என் அறைத் திரைச்சீலைக்கு மட்டும் தெளித்துக்கொள்கிறேன். பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பாரபென் சிறிதளவு போட்டிருக்கிறேன், அது போதும்தானே?

பீக்கரும் கரண்டியும்

போதாமல் போக வாய்ப்புண்டு அக்கா. எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்ட அதே மிசெல்கள் பாரபெனையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். எத்திலீன் ஆக்சைடு சங்கிலி உள்ள எல்லா அயனியற்ற சர்ஃபேக்டன்ட்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. கிருமி வளர்வது வெளியே உள்ள நீரில், மருந்து சிறைப்பட்டிருப்பது மிசெலுக்குள். நீங்களோ எண்ணெயின் அளவைப் போல ஆறு மடங்கு பசை போட்டிருக்கிறீர்கள். மிசெலுக்குள் போகாமல் நீரிலேயே தங்கும் கிருமித் தடுப்புப் பொருளுக்கு மாறுங்கள். பாரபெனின் அளவை மட்டும் கூட்டிப் பயனில்லை. அதுவரை சிறு புட்டியாகச் செய்து குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். கலங்கினாலோ, வாசனை மாறினாலோ கொட்டிவிடுங்கள்.